பம்பாய்–திருச்சி, ஏழரை மணி நேரம்

சுதந்திரம் வந்த மறுவருஷம் நான் பம்பாய் கோட்டைப் பகுதியில் ஒரு விமான கம்பெனியின் புக்கிங் ஆபீஸில் குமாஸ்தா. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை மைல், எத்தனை மணி நேரம் என்று கேட்பவர்களுக்குச் சொல்வதுதான் வேலை. பம்பாய்–திருச்சி, நடுவில் ஹைதராபாத்திலும் மதராஸிலும் இறங்கி ஏறினால் ஏழரை மணி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் விமானத்தில் கால் வைத்ததில்லை. மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்தில் யாருமே வைத்ததில்லை. எங்களுக்கெல்லாம் மெயில் ரயில்தான்.

கட்டடத்தில் ஒரு வழக்கம். ஊரில் யாராவது போய்விட்டதாகத் தந்தி வந்தால், பதில் தந்தியில் 'ஸ்டார்டிங்' என்று ஒரே வார்த்தை. மிச்சத்தை ஊரில் இருப்பவர்கள் கணக்குப் பண்ணிக்கொள்வார்கள்: போரிபந்தர் ஸ்டேஷனில் ஏறி, மதராஸில் மாறி, மூன்றாம் நாள். அதுவரை உடலைப் போட்டுவைக்க முடியாது. பங்காளி யாராவது கொள்ளி வைத்துவிடுவார். பிள்ளை காரியத்துக்குப் போய்ச் சேர்வான்.

எனக்கு அந்தத் தந்தி ஒரு விடிகாலையில் வந்தது. முந்தின நாள் சாயங்காலம் ஸ்ரீரங்கத்தில் அப்பா போய்விட்டார். நான் ஒரே பிள்ளை. தாதர் தந்தி ஆபீஸுக்குப் போய் 'ஸ்டார்டிங்' கொடுத்தேன். அழுகை வரவில்லை. லீவு சொல்ல அடுத்த தெருவில் இருந்த ஆபீஸர் வீட்டுக்குப் போனேன். அவரும் தமிழர்தான்.

"மெயில் எதுக்குய்யா? எட்டு மணி பிளேன்ல ஒரு சீட் காலி. மூணரைக்கு திருச்சி. அப்பா முகத்தைப் பார்த்துடலாம்" என்றார்.

முகத்தைப் பார்க்கலாம், நானே கொள்ளி வைக்கலாம். ஜுஹு விமான நிலையத்துக்குப் போன கம்பெனி வண்டியில் இந்த இரண்டையும் திருப்பித் திருப்பி நினைத்தேன். நினைத்ததோடு சரி, உள்ளே ஒன்றும் அசையவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம்போல் மரத்துக் கிடந்தது. இன்னொரு தந்தி கொடுக்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. வண்டி தந்தி ஆபீஸைத் தாண்டித்தான் போயிற்று. ஊருக்கெல்லாம் மணி சொன்ன மேதாவி, விமானத்தில் வருகிறேன் என்று பெற்றவளுக்குச் சொல்லவில்லை.

விமானம் ஐந்து நிமிஷம் முன்னதாகவே திருச்சியில் இறங்கியது. குதிரை வண்டி பிடித்து வீட்டுக்குப் போனால், வாசல் அலம்பி விட்டிருந்தது. ஈர வேஷ்டியோடு நின்ற சித்தப்பா என்னைப் பார்த்து ஆடிப்போய்விட்டார்.

"இன்னிக்கே எப்படிடா வந்தே? நாளன்னிக்குத்தான் வருவேன்னு பன்னண்டு மணிக்கு எடுத்துட்டோமேடா! நான்தான் கொள்ளி வெச்சேன். ஒரு வார்த்தை போட்டிருந்தா காத்திண்டிருப்போமே!"

அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. அநியாயமான கோபம்தான். அதுவும் இரண்டு நிமிஷத்தில் அடங்கிவிட்டது.

அம்மா கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"எப்போடா கிளம்பினே?"

"காலம்பற எட்டு மணிக்கு."



"அப்போ அப்பா இங்கேதானேடா இருந்தார். எடுக்கறச்சே நீ எங்கே இருந்தே?"

"வழியில இருந்தேம்மா" என்றேன்.

பன்னிரண்டு மணிக்கு ஹைதராபாத்தைத் தாண்டியிருந்தோம். விமானத்தில் வெண்ணெய் தடவிய ரொட்டி கொடுத்தார்கள். தின்றேன். பசி அடங்காமல் இன்னொன்றும் கேட்டு வாங்கித் தின்றேன்.