விசிலக்காவின் ஞாயிற்றுக்கிழமை

கட்டடம் எழும்பும் இடத்தில் அவளை எல்லோரும் விசிலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கிரேனுக்குக் கீழே விசிலோடு நின்று, கைச் சைகையாலேயே கம்பிக் கட்டுகளை இறக்க வைப்பவள். உள்ளங்கையை விரித்தால் 'நில்லு'. விரலைத் தரைப்பக்கம் நீட்டி வட்டமாகச் சுற்றினால் 'மெதுவா இறக்கு'. மேலே கிரேன் ஓட்டுவது அவளுடைய சொந்தத் தம்பி. அங்கே இருக்கும்வரை அக்காவின் சுண்டுவிரல் அசைந்தாலும் கேட்பான். தரைக்கு வந்துவிட்டாலோ இருவருக்கும் ஏழாம் பொருத்தம்!

சண்டையெல்லாம் அப்பாவைப் பற்றித்தான். பக்கவாதம் வந்து அக்கா வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். பகலில் பக்கத்து வீட்டுக்காரி பார்த்துக்கொள்வாள், இரவெல்லாம் அக்காதான். வாய் மட்டும் சும்மா இருக்குமா? "பெத்த அப்பனை எட்டிப் பார்க்க உனக்கு வழி தெரியலையா?" என்று ஆரம்பிப்பாள். அவன் விருட்டென்று கிளம்பிவிடுவான். மாதக்கணக்கில் இதே கூத்து. அவளோ நின்றபடியே தூங்க ஆரம்பித்திருந்தாள். கிரேனுக்கு அடியில் கண்ணயர்ந்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அன்று டீ வேளையில் அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவது என்று வந்திருந்தாள். அதற்குள் காற்று கிளம்பியது. தம்பி கிரேனைக் கொஞ்சம் வேகமாகத் திருப்பிவிட, கம்பிக் கட்டு அந்தரத்தில் ஆடியது. வைதாளா? இல்லை. உள்ளங்கையை விரித்தாள். ஆட்டம் அடங்கியதும் விரலைச் சுற்றினாள். கட்டு பூப்போலத் தரையில் உட்கார்ந்தது.

தப்பு யார்மேல் என்று காட்ட அவளிடம் சைகையே கிடையாது. இப்போது என்ன நிலை, அடுத்து என்ன வேண்டும், அவ்வளவுதான். 'அடி பாவி, இதை வீட்டுல ஒரு நாளாவது செஞ்சியா?' என்று அவளுக்கே சுரீரென்றது.

டீக்கடையில் தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திட்டு நாக்கு நுனி வரை வந்தது. டீயோடு சேர்த்து விழுங்கினாள்.

"எனக்கு முடியலடா. ராத்திரியில எழுந்து எழுந்து அப்பாவைப் புரட்டிப் படுக்க வைக்கணும். இங்க நிக்கும்போது கண்ணு சொருகுது, பயமா இருக்கு. வாரத்துல ஒரு நாளாவது நான் நல்லாத் தூங்கணும். ஞாயித்துக்கிழமை வந்து அப்பாவைப் பார்த்துக்கிறியா?"

அவன் வசவுக்காகக் காத்திருந்தான். வரவில்லை.

"அவ்வளவுதானாக்கா?"

"அவ்வளவுதான்டா."

அவன் கண் கலங்கிவிட்டது. "அவர் அப்படிக் கிடக்கிறதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லக்கா. நீ திட்டினியா, கோவிச்சுக்கிட்டு ஓட எனக்கு வசதியாப் போச்சு. வர்றேன்."

ஞாயிறு விடிந்ததுமே வந்து நின்றான். அக்கா உள்ளறையில் போய் விழுந்தவள்தான். அப்பாவின் சிரிப்புச் சத்தம் கேட்டு அலறியடித்துக்கொண்டு எழுந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கதவிடுக்கில் பார்த்தாள். தம்பி அப்பாவுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தான். அப்பா கன்னத்தில் இருந்ததைவிட அவன் மூக்கில்தான் நுரை அதிகம்!

அவளைக் கண்டதும் அவன் சவரக்கத்தியைக் கீழே வைத்தான். அவள் தலையணைப் பக்கம் விரலை நீட்டி வட்டமாகச் சுற்றினான்.

விசிலக்கா மறுபேச்சில்லாமல் மெதுவாகத் தலையைச் சாய்த்தாள்.