சாவி என்னிடம் இருந்தது

சித்தூருக்கு வெளியே ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். கூழ் டிரம்களை உறைய வைக்கும் குளிர் அறைகள் என் பொறுப்பு. மேனேஜரோ திருப்பதி வீட்டில் உட்கார்ந்தபடி போனிலேயே அவற்றின் குளிரைக் கூட்டுவார், குறைப்பார். எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு.

ஓர் ஆயுத பூஜைக்கு மறுநாள் மூன்றாம் அறைக் கூழ் இளகிக் கிடந்தது. யாரோ குளிரைக் குறைத்திருந்தார்கள்.

"நேத்து பேனல் கிட்ட நீதானம்மா நின்னுக்கினு இருந்தே?" என்றார், சேதி கேட்டு ஆலைக்கு வந்த மேனேஜர்.

நின்றேன்தான், சந்தனக் கிண்ணத்தோடு. பொட்டு வைத்த மெஷினை மறுநாள் வரை எங்களில் ஒருத்தரும் தொட மாட்டோம். ஸ்க்ரூடிரைவர்கூட சாமி படத்தின் முன்னால்தான் கிடக்கும். அதையெல்லாம் யார் கேட்டார்கள்? 'அனுமதி இல்லாமல் இனி எந்த மெஷினையும் தொட மாட்டேன்' என்று அவர் சொல்லச் சொல்ல, எல்லோர் முன்னாலும் எழுதிக் கொடுத்தேன். பிறகு ஆறு மாதம் கூடை கழுவினேன். அந்த ஆள் நாசமாய்ப் போகட்டும் என்று ஒரு நாள் விடாமல் சபித்தேன்.

அப்புறம் முதலாளி பாதுகாப்பான ரூட்டர் ஒன்று வாங்கினார். வெளியிலிருந்து வருகிறவர்கள் இனி அதன் வழியாகத்தான் மெஷினுக்குள் நுழைய முடியும். அதுவும் ஆலையில் இருப்பவர் அதிலுள்ள சாவியைத் திருப்பினால்தான். கருவிகளை அதில் இணைக்க வேறு ஆள் இல்லாததால் என்னைக் கூப்பிட்டார்கள். ஒவ்வோர் அறையின் கண்ட்ரோலருக்கும் வயர் இழுத்து இணைத்துக்கொண்டே வந்தேன். மூன்றாம் அறையில் பழைய பதிவுகள் திரையில் விரிந்தன. பூஜையன்று காலை பதினோரு மணிக்குக் குளிரைக் குறைத்தது மேனேஜரின் போன் என்று அதன் பெயரோடு இருந்தது.

பிரிண்ட் எடுத்து முதலாளியிடம் நீட்டினேன்.

"பழைய கதைம்மா, வுடு. உன் வேலைக்கே திரும்பி வந்துடு. சாவியும் உங்கிட்டயே இருக்கட்டும்" என்றார். விடுவேனா நான்?

மறுவாரம் திருப்பதியிலிருந்து போன் வந்தது.

"சாவியத் திருப்பும்மா, அவசரம்."

"எழுதிக் குடுங்க சார். ஆலை வாட்ஸ்அப் குரூப்ல."

"என்னான்னு?"

அன்று அவர் என்னை எழுதச் சொன்ன வரியை ஒரு வார்த்தை மாறாமல் சொன்னேன்.

"நீங்க போடலேன்னா, அந்த பிரிண்டை நான் போடறேன் சார்."

கால் மணி நேரத்தில் குரூப்பில் அந்த வரி வந்தது, அவர் பெயரோடு. இரண்டு முறை படித்தேன். கையிலிருந்த டீயை முழுவதும் குடித்து முடித்துவிட்டுத்தான் சாவியைத் திருப்பினேன்.