அப்பா செய்த பனி

கோணல் கையெழுத்துக்கும் பிழைகளுக்கும் மன்னியுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன்.

துவாரகாவில் ஒரு குடியிருப்பில் தோட்ட வேலை பார்க்கிறேன். டெல்லியில் பிறந்த என் மகள் ஞாயிறுதோறும் தமிழ் வகுப்புக்குப் போகிறாள். 'என் அப்பா' கட்டுரை எழுதும்போது, "பணிக்கு ரெண்டு சுழியா, மூணு சுழியாப்பா?" என்று கேட்டாள். "ரெண்டு" என்றேன்.

வகுப்பில் டீச்சர் அதை வாசித்தார். "என் அப்பா விடியும் முன்னே எழுந்து பனி செய்கிறார்."

"அச்சா! டெல்லிப் பனி எல்லாம் உங்கப்பா வேலைதானா?" என்றான் ஒரு பையன். ஒரே சிரிப்பு. மகள் எழுந்து, வாசலில் நின்ற என்னிடம் ஓடிவந்தாள். "இனிமே தமிழ் கிளாஸே வேணாம்ப்பா."

நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவன் நான். அன்று உள்ளே போய், "தப்பு என்னுதுங்க. நான்தான் ரெண்டு சுழின்னு சொன்னேன்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

மறுநாள் விடியலில் எதிர்க் கட்டடமே தெரியாத பனி. வேலைக்கு இறங்கினேன். பால்கனியிலிருந்து அவள் குரல் மட்டும் வந்தது.

"அப்பா, இன்னிக்குக் கொஞ்சம் ஜாஸ்தியா செஞ்சிட்டே!"

அந்த வெண்மைக்குள் மெதுவாக நடந்தேன். மரங்கள், விளக்குகள், தெரு எல்லாவற்றையும் நானே மூடி வைத்தது போலிருந்தது. என் வேலையை நினைத்து முதல்முறையாகக் கூச்சம் வரவில்லை.

எழுதியது: தை முதல் ஞாயிறு, டெல்லி.