கறுப்புக்கு ஒரு தட்டு

ஆவாரம்பட்டை ஊறுகிற வாடை எங்கே வந்தாலும் என் விரல்கள் மூன்று மூன்றாகத் தட்டத் தொடங்கிவிடுகின்றன. விரலை மடக்கினால் கால் தட்டுகிறது.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில், சுண்ணாம்புக் குழியில், நானும் என் சிநேகிதனும் வேலை செய்தோம். சுண்ணாம்பு அவன் விரலிடுக்குகளைத் தின்றிருந்தது. கல்யாண ஊர்வலங்களில் இருவரும் கார்னெட் என்ற பித்தளைக் குழல் ஊதுவோம். காதில் விழுந்ததை அப்படியே ஊதுவதில் அவனுக்குப் பக்கத்தில்கூட நான் நிற்க முடியாது. வேலூரில் ஒரு பேண்டில் இடம் காலி, ஒரே இடம், ஆனால் இசைக்குறி அச்சிட்ட தாளைப் பார்த்து வாசிக்கத் தெரிய வேண்டும் என்றார்கள். இன்னும் ஒரு மழைக்காலம் குழியில் நின்றால் இந்த விரல் மடங்காது என்று அவன் சொல்லிக்கொண்டிருந்த சமயம் அது.

பழைய தாள் ஒன்று கிடைத்தது. ஐந்து கோடுகள், தொடக்கத்தில் மூன்று என்ற எண், அதன் கீழே நான்கு என்ற எண். குறுக்குக் கோடுகள் பிரித்த கட்டங்கள் அநேகமாக எல்லாவற்றிலும் வெள்ளைப் புள்ளி ஒன்று, கறுப்புப் புள்ளி ஒன்று. எதை நீளமாக ஊத வேண்டும்?

"இதுல இன்னாடா சந்தேகம்? சுண்ணாம்புல இருந்து தோல் வெள்ளையாத்தான் வருது. பட்டைத் தண்ணியில ஜாஸ்தி நாள் கெடந்தாத்தானே கறுக்குது?" என்றான் அவன்.

கறுப்புக்கு இரண்டு தட்டு, வெள்ளைக்கு ஒன்று. கூட்டினால் மூன்று. மேலே போட்டிருந்ததும் மூன்று. எங்களுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஒரு கட்டத்தில் மட்டும் மூன்று புள்ளிகள், மூன்றுமே கறுப்பு, ஆறு வந்தது. அச்சுப் பிழை என்று அவன் தாண்டிப் போனான். என்னால் தாண்ட முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் ஆர்மோனியம் வாசிக்கும் உபதேசியாரின் மனைவியிடம் கேட்டேன். மேல் எண், கட்டத்துக்கு எத்தனை தட்டு. கீழ் எண், எந்தப் புள்ளிக்கு ஒரு தட்டு. நான்கு என்றால் கறுப்புக்கு ஒன்று, வெள்ளைக்கு இரண்டு. பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டே அந்த அம்மாள் சொல்லி முடித்துவிட்டார். நாங்கள் எண்ணியது எல்லாம் தலைகீழ். அந்த மூன்று கறுப்புக்கும் சரியாக மூன்று தட்டு.

சொல்லத்தான் ஓடினேன். வீட்டு வாசலில் அவன் கார்னெட்டுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். நாளைக்குச் சொல்லலாம் என்று திரும்பினேன். செவ்வாய்க்கிழமை வேலூர் பேண்டில் வாசித்துக் காட்ட ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்து போனோம். குடியாத்தம் தாண்டும்வரை அந்தப் பேச்சு என் நாக்கு நுனியில் இருந்தது. தாண்டியதும் விழுங்கினேன். அவன் தொடையில் தப்பாகத் தட்டிக்கொண்டே வந்தான். நான் பார்த்துக்கொண்டே வந்தேன்.

முதலில் அவன் ஊதினான். நாலாவது கட்டத்திலேயே பேண்டு மாஸ்டர் கையை உயர்த்திவிட்டார். பிறகு நான். கறுப்பைச் சட்டென்று விட்டேன், வெள்ளையை இழுத்தேன். சுவரோரம் நின்று அவன் கேட்டான். மாஸ்டரின் கை உயரவே இல்லை.

அன்று மாலையே காட்பாடியில் அவனை ரயிலேற்றினேன். வண்டி ஊதியதும் ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்தான். அவன் விரல்களின் வெடிப்புகள் இன்னும் என் உள்ளங்கையில் உரசுகின்றன.

"டேய், அந்த ஆறு வந்த கட்டம். அது அச்சுப் பிழை இல்லன்னு உனக்கு எப்ப தெரிஞ்சுது?"

"இன்னிக்குத்தான்டா," என்றேன்.