நூறு வோல்ட் பெட்டியும் நான் நறுக்கிய பச்சை வயரும்

ஈப்போவில் ஜப்பான் பழைய சாமான் விற்கும் கடையில் அந்தக் கிட்டார் ஆம்ப்ளிஃபையரைப் பார்த்ததும் என் மனைவி அதன் முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டாள். வார நாளில் கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுப்பவள், சனி ஞாயிறுகளில் கல்யாண விருந்துகளில் கிட்டார் வாசித்துப் பாடுவாள். அவள் எழுந்திருக்கிற மாதிரி தெரியவில்லை. வாங்கிவிட்டோம்.

எந்தப் பொருளையும் திருப்பிப் பார்க்காவிட்டால் எனக்குக் கை அரிக்கும். பின்பக்கத் தகட்டில் நூறு வோல்ட் என்றிருந்தது. குனோங் ராபாட்டில் எங்கள் வீட்டுச் சுவரில் வருவதோ இருநூற்று நாற்பது. பிளக்கில் இரண்டே கால்கள். இரண்டு கால் பிளக் என்றால் நம் ஆட்கள் என்ன செய்வோம்? சுவரில் உள்ள மூன்று துளைகளில் மேலே உள்ளதில் பேனாவை விட்டு அழுத்தினால் மற்ற இரண்டும் திறக்கும், அவற்றில் செருகிவிடுவோம். நானும் எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். அன்று செய்திருந்தால் பெட்டி அங்கேயே புகைந்திருக்கும்.

வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் தேடி அலைந்தேன். கடைக்காரர்கள் நூற்றுப்பத்து தருவதையே நீட்டினார்கள். "பத்து வோல்ட்டுதானே மச்சான், தாங்கும்லா" என்றார் ஒருவர். நான் மசியவில்லை. சரியாக நூறு தருவதாக, ஆம்ப்ளிஃபையர் கேட்கும் வாட்டைப்போல் இரண்டு மடங்கு தாங்குவதாக ஒன்றைக் கண்டுபிடித்தேன். என் கெட்டிக்காரத்தனத்தில் எனக்கே ஏகப்பட்ட பெருமை.

ஒரு சின்னக் குறைதான். பிளக்கின் பக்கத்திலிருந்து மெல்லிய பச்சை வயர் ஒன்று வால் மாதிரி தொங்கியது. டிரான்ஸ்ஃபார்மரில் அதற்கென்று இடமில்லை. பார்க்க அசிங்கமாக இருந்ததால் கட்டரால் நறுக்கி டேப் ஒட்டினேன்.

முதல் நாள் மாலை ஹாலில் வாசிக்கத் தொடங்கினாள். எங்கள் கரோக்கே செட்டின் மைக்கில் வாயை வைத்தவள் வெடுக்கென்று பின்வாங்கினாள்.

"உதட்டுல சுள்ளுனு இருக்குங்க."

நான் போய்க் கிட்டார் கம்பிகளைத் தடவிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. "உன் குரல்லயே கரண்ட் இருக்குலா" என்று சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, ஹாலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். குதிகால் வலிக்காக வீட்டுக்குள்ளும் சிலிப்பர் போடுகிறவன், அன்று கழற்றிவிட்டிருந்தேன். ஈரத் தரையில் நின்று கிட்டார் கம்பிகளோடு வயர் வழியே சேர்ந்திருக்கும் ஆம்ப்ளிஃபையரின் இரும்புத் தகட்டைத் தொட்டதும் விரலில் சுள்ளென்றது. அட! அன்று எனக்கு ஏன் தெரியவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. ரப்பர் சிலிப்பரோடு கம்பியை மட்டும் தொட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். அவள் வெறுங்காலோடு நின்று, கம்பியில் கையும் மைக்கில் வாயுமாகப் பாடுகிறவள். சிலிப்பரைப் போட்டுக்கொண்டு வந்து கரண்ட் இருந்தால் விளக்கு எரியும் டெஸ்ட் பேனாவைத் தகட்டில் வைத்தேன். எரிந்தது. பிளக்கை மாற்றிச் செருகினால் மங்கலாக எரிந்தது. எவ்வளவு சுவாரஸ்யம் என்று ஒரு நிமிஷம் ரசித்தேன். அடுத்த நிமிஷம் பிளக்கைப் பிடுங்கினேன்.

எங்கள் வரிசை வீடுகளுக்கு வயரிங் செய்யும் அண்ணனிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"வோல்ட்டு சரியா பாத்திருக்கீங்க. அந்தப் பச்ச வயருதான் எர்த்து, அத வெட்டிட்டீங்களே" என்றார்.

"கரண்டு கசிஞ்சா இஎல்சிபி சுவிட்ச் தானா விழணுமே, விழலியேண்ணே?"

"கொஞ்சமா கசிஞ்சா அது விழாதுலா. இன்னிக்கு சுள்ளுங்குது. உள்ள ஒரு இன்சுலேஷன் கருகிச்சுன்னா? தங்கச்சி கையில கம்பி, வாயில மைக்கு. கரண்டு நெஞ்சு வழியாத்தான் போவும்."

மூன்று வயர் கேபிள் போட்டு, எர்த்தை இரும்புச் சட்டத்தோடு முடுக்கி, மூன்று துளை உள்ள வேறு டிரான்ஸ்ஃபார்மரும் கொடுத்தார். தகட்டில் இப்போது கரண்ட் இல்லை என்று மீட்டர் வைத்துக் காட்டினார். பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே கரண்ட் தங்கியிருக்கும், திறந்து நோண்டாதீர்கள் என்று எச்சரித்தும் அனுப்பினார்.

வீட்டில் அவள் வெறுங்காலோடு நின்று ஒரு பாட்டு முழுசாகப் பாடினாள். மைக்கில் உதடு பட்டது. ஒன்றும் ஆகவில்லை.

"இத்தனை நாளும் சுள்ளுன்னு இருந்துச்சா? ஏன் சொல்லல?"

"மொத நாளே சொன்னேன். நீங்க சிரிச்சீங்க." கம்பியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "அதான் நீங்க வீட்ல இருக்கறப்ப மட்டும் வாசிச்சேன். ஏதாச்சும் ஆச்சுன்னா ஓடி வந்து சுவிட்ச அடைப்பீங்கல்ல."

தன் பாட்டை நான் கேட்க வேண்டும் என்றுதான், நான் வேலை முடிந்து வரும்வரை காத்திருந்து வாசிக்கிறாள் என்று, அந்த இரண்டு வாரமும் நான் பூரித்துப் போயிருந்தேன்.