சிவப்பு நாடா கட்டிய பின்

எனக்குச் சின்ன வயதிலேயே சந்தேக புத்தி அதிகம். ரேணிகுண்டாவில் ரயில் தண்டவாளத்தை ஒட்டிக் குடியிருந்தோம். விமானம் ஓட்டக் கற்றுத்தரும் ஒரு கம்பெனியில் நைனாவுக்கு ஹெல்பர் வேலை. அவ்வப்போது பழைய நட்டு, ஸ்பேனர், பாதி கிரீஸ் டப்பா என்று எதையாவது கொண்டுவருவார். கேட்டால், "சும்மா குட்த்தாங்க" என்பார். சும்மா யார் கொடுப்பார்கள்? எட்டு வயதில் எனக்கு அதே கவலை.

ஒருநாள் மதியம் சாப்பிட வந்தவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பாக்கெட்டிலிருந்து ஒரு சிவப்பு நாடா தொங்கியது. அவர் பார்க்காதபோது இழுத்தேன். நாடாவின் முனையில் விரல் நீளத்துக்கு ஓர் இரும்பு பின். நாடாவில் விமானத்தின் நம்பர்கூட எழுதியிருந்தது. சரிதான், கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து போன் வந்தது. நைனாவின் முகம் வெளுத்துவிட்டது.

"சின்ன பிளேன் மேலயே சுத்திக்கினு கீதாம். ஒரு சக்கரம் கீழ வர்லியாம்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, கைகூடக் கழுவாமல் பனியனோடு வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தார்.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. என் கையிலிருப்பது அந்தச் சக்கரத்தின் பின்; நைனா அதை எடுத்து வந்துவிட்டார், அதனால்தான் சக்கரம் வரவில்லை. இனி போலீஸ் வரும். கொல்லைப்பக்கம் ஓடினேன். காலி கூட்ஸ் வண்டி ஒன்று மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு திறந்த பெட்டிக்குள் பின்னை வீசினேன்.

விமானம் வயிறு தரையில் தேய இறங்கியது. ஓட்டிய பையனுக்குச் சிராய்ப்போடு போயிற்று. சாயங்காலம் மேனேஜர் நைனாவுடன் வீட்டுக்கே வந்துவிட்டார். தரையில் நிற்கும்போது சக்கரம் மடங்காமலிருக்கச் செருகும் பின்னை, பறக்கும் முன் கழற்றுவது நைனாவின் பொறுப்பு. அவர் கழற்ற மறந்ததால்தான், மேலே போய்ச் சக்கரத்தை மடக்கும்போது பின் முறிந்து விழுந்து, சக்கரம் பாதியில் சிக்கியது என்றார் மேனேஜர்.

"சத்தியமா கயட்டிட்டேன் சார். பொட்டில போட மறந்து பாக்கெட்லயே எத்தினு வந்துட்டேன். தோ, காட்றேன்" என்று நைனா ஆணியிலிருந்த சட்டைக்குள் கைவிட்டார். பிறகு பாக்கெட்டையே வெளியே இழுத்துப் பார்த்தார்.

"ஏதி? சூப்பிஞ்சு" என்று மேனேஜர் தெலுங்கில், எங்கே காட்டு என்று கேட்டுக் கையை நீட்டினார்.

நைனா என் பக்கம் திரும்பினார். "பாப்பா, நீ பாத்தியாமா? செவப்பு நாடா கட்டினது?"

"இல்ல நைனா. நான் ஒண்ணுமே பாக்கல" என்றேன், குரல் பிசகாமல்.

மறுநாளிலிருந்து அவருக்கு வேலை இல்லை. ஜெயிலுக்குப் போகாமல் தப்பித்துவிட்டாரே என்று எனக்கு ஒரே சந்தோஷம். அப்புறமும் எதற்கு அந்தச் சட்டையை எடுத்து எடுத்து உதறுகிறார் என்பதுதான் விளங்கவில்லை.