மஞ்சள் சட்டையைச் சாயத்தில் முக்கியவள்

சந்தைத் தெருவில் துணி துவைக்கும் லம்யாயிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் குறைவு. கறை போகவில்லையே என்று யாராவது கேட்டால், கறையைக் கொண்டுவந்தது நீயா நானா என்பாள். அப்படிப்பட்டவளின் வாசலில் அந்த வெள்ளிக்கிழமை காலையில் பாதி பெத்சபுரி ஊர் மூட்டையும் கையுமாக வந்து நின்றது. முந்தின நாள் மாலை மன்னர் காலமாகியிருந்தார். எழுபது வருஷம் ஆண்டவர். லம்யாய்க்கு ஐம்பத்தாறு வயது. வேறு மன்னரை அவள் கண்டதே இல்லை. துக்கத்துக்குக் கறுப்பு உடுத்த வேண்டும், ஆனால் கடைகளில் கறுப்புத் துணி மருந்துக்கும் இல்லை.

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை வேகவைக்கும் பெரிய அண்டா அவளிடம் இருந்தது. சந்தையிலிருந்த சாயப் பொட்டலங்களையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து, சாயம் பிடிக்க உப்பைக் கொட்டி, அடுப்பை மூட்டினாள். அவள் உப்பளத்தில் பிறந்தவள். பன்லேம் கடற்கரையில் அப்பனோடு உப்பு வாரியவள், கல்யாணமாகி இங்கே வந்த பிறகு அழுக்கோடு மல்லுக்கட்டினாள். யாரிடமும் கூலி வாங்கவில்லை. "அப்பா போனதுக்குக் கூலி கேட்டா என் கை அழுகிடும்" என்றாள். அங்கே எல்லோருமே மன்னரை அப்பா என்றுதான் சொல்வார்கள்.

ஊரார் சட்டைகள் கறுத்துக்கொண்டே இருந்தன. அவளுடைய கைகளும் முழங்கை வரை கறுத்தன. அவளுக்கு மட்டும் உடுத்தக் கறுப்பு எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலிலிருந்து பாங்காக்குக்குப் பஸ் விடுகிறார்கள், அரண்மனையில் மன்னரின் படத்துக்கு முன்னால் விழுந்து வணங்கிவிட்டு வரலாம். லம்யாய்க்கு அதில் இடம் கிடைத்திருந்தது. போக வேண்டும், போயே ஆக வேண்டும். அந்த ஆசையில் வேறு எதற்கும் இடமில்லை.

எதைக் கறுப்பாக்கி உடுத்துவது என்பதிலும் அவளுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. மன்னர் முடிசூடிய அறுபதாம் ஆண்டு விழாவுக்கு வாங்கிய மஞ்சள் சட்டை, நெஞ்சில் அரச முத்திரை தைத்தது. மன்னர் பிறந்தது திங்கட்கிழமை, திங்களுக்கு நிறம் மஞ்சள். அந்தச் சட்டையோடு பாங்காக் வெயிலில் லட்சம் பேருக்கு நடுவில் நின்று, தூரத்து மாடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியாக அவரைப் பார்த்திருக்கிறாள். பிறகு திங்கள்தோறும் அதைத்தான் போடுவாள். புருஷனுக்கு அது பிடிக்காது. அவன் ஆட்சியை எதிர்த்துப் பாங்காக்கில் ரோட்டை மறித்த சிவப்புச் சட்டைக் கூட்டத்தில் போய் உட்கார்ந்தவன். மன்னருக்கு ஆகாதவர்கள் என்று பேர் வாங்கிய கூட்டம் அது. வீட்டில் இருவருக்கும் தினம் சண்டை. ஆனாலும் அவன் சிவப்புச் சட்டையையும் அவள்தான் துவைத்தாள், தனி வாளியில். ஈரல் கெட்டு அவன் செத்தபோது அதையே போட்டு அனுப்பினாள்.

சனிக்கிழமை மத்தியானம், தூறல் விட்ட நேரத்தில், தன் சட்டையைக் கையில் எடுத்தாள். முத்திரையில் சாயம் படக் கூடாது. அந்த இடத்தைக் குவித்துப் பிடித்து, பிளாஸ்டிக் தாள் சுற்றி, நூலால் இறுக இறுகக் கட்டினாள். பிறகு சட்டையை அண்டாவில் விட்டுக் கம்பால் அழுத்தினாள்.

அந்த நேரம் பார்த்து வந்தான் வீரசோட். தெருமுனையில் செல்போன் கடை வைத்திருப்பவன். காலையில் வரிசையில் முந்தப் பார்த்தவனை எல்லார் முன்னாலும் பின்னுக்குத் தள்ளியிருந்தாள் லம்யாய், அந்தக் கடுப்பு அவனுக்கு இன்னும் ஆறவில்லை.

"என்னக்கா அது? முத்திரை போட்ட சட்டைதானே?"

"ஆமா. என்னோடது."

"முத்திரையைக் கழுத்தை நெரிச்ச மாதிரி கட்டி, கறுப்புத் தண்ணில முக்குறீங்க?"

"கறுப்பாகக் கூடாதுன்னுதான் கட்டியிருக்கேன். உனக்குத் துவைக்கத் தெரியுமா, துவைக்கிறதப் பத்திப் பேச?"

அதோடு விட்டிருக்கலாம், அவளுக்கு விடத் தெரியாது. "உன் சட்டையும் இதே தண்ணில வெந்ததுதான்டா" என்றாள். அவன் போனை எடுத்து நேரலையைத் திறந்தான். "பாருங்க மக்களே. அப்பாவோட முத்திரையைக் கொதிக்க வச்சிட்டிருக்காங்க. இவங்க வீட்டுக்காரர் சிவப்புச் சட்டை. இந்தத் தெருவுக்கே தெரியும்."

சந்தைக்குள் இருந்தவர்கள் வெளியே வந்தார்கள். அடுத்த தெருவிலிருந்தும் வந்தார்கள். தெருவே அடைத்துக்கொண்டது. அந்த வாரம் ஊர்ஊராக இதுதான் நடந்துகொண்டிருந்தது. யாரோ எதையோ சொல்லிவிட்டார் என்று கூட்டம் வீட்டை வளைக்கும், அவரை இழுத்து வந்து படத்தின் முன்னால் மண்டியிட வைக்கும். எல்லோரும் போனில் பார்த்திருந்தார்கள். அது தங்கள் தெருவுக்கும் வந்துவிட்டதில் சிலருக்கு ஒரு துடிப்பு கூட இருந்தது, சொல்வதற்கே கூசுகிறது. நின்றவர்கள் உடம்பில் இருந்ததில் பாதி லம்யாய் முக்கிக் கொடுத்த கறுப்பு.

"நன்றி கெட்டவ." பின்னாலிருந்து ஒரு குரல்.

"அவ புருஷன் புத்தி. எங்க போகும்?"

லம்யாய் கூட்டத்தில் புன்ருவானைத் தேடினாள். பக்கத்துக் கடையில் மீன் உருண்டை விற்பவள், இருபது வருஷச் சிநேகிதி. காலையில்தான் மூன்று பாவாடைகளைக் கறுப்பாக்கிக்கொண்டு போனாள். அவளுக்கு இந்த முத்திரைச் சட்டையின் கதை முழுக்கத் தெரியும். புன்ருவான் எண்ணெய்ச் சட்டியைக் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தாள். அடுப்பு எரியவில்லை.

அப்போதுதான் லம்யாய்க்கு உண்மையிலேயே பயம் வந்தது.

போலீஸ்காரர் ஒருவர் வந்தார். வியர்த்துப் போயிருந்தார், அவருக்கும் பயம்தான். "பெரியம்மா, ஒரு கும்பிடு போட்டு மன்னிப்புக் கேட்டுடுங்க. இவங்க கலைஞ்சிடுவாங்க. இல்லேன்னா நான் உங்களை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போகணும். மன்னரை அவமதிச்ச வழக்குன்னு ஆயிட்டா வருஷக்கணக்குல உள்ள."

"அப்பாவைக் கும்பிடறதுக்கு நீங்க சொல்லணுமா?"

நூடுல்ஸ் கடை வாசலில் பூ சுற்றிய படம் இருந்தது. ஈரத் தரையில் மண்டியிட்டு, கை கூப்பி, நெற்றி தரையில் பட விழுந்தாள். மூன்று நாளாக அவள் செய்ய ஏங்கியது அதைத்தான். ஆனால் அதை இப்படிச் செய்யவா?

"தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லு. சத்தமா சொல்லு." வீரசோட் போனை அவள் முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தான். மரியாதை எப்போதோ கழன்றுவிட்டிருந்தது.

அவள் சொல்லவில்லை. நெற்றியை எடுக்கவும் இல்லை. வாயடைத்துப் போய்விட்டாள் என்று கூட்டம் எடுத்துக்கொண்டது. போதும் என்று தோன்றியதோ என்னவோ, அவன் நேரலையை நிறுத்தினான்.

லம்யாய் எழுந்தாள். முழங்காலில் சேறு. யாரையும் பார்க்காமல் அண்டாவிடம் போய், கம்பால் சட்டையைத் தூக்கி, குழாயடியில் அலசினாள். கட்டின நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். ஒரு சொட்டு உள்ளே போயிருந்தாலும் தொலைந்தாள். பிளாஸ்டிக்கை உரித்துச் சட்டையை இரண்டு கையாலும் விரித்துக் காட்டினாள். கரேலென்ற துணியில், நெஞ்சுப் பக்கம் மஞ்சள் வட்டம் அப்படியே இருந்தது. உள்ளே முத்திரை மாசில்லாமல் இருந்தது.

ஒருவர் கை கூப்பினார். மற்றவர்கள் செருப்பைப் பார்த்தார்கள்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல அக்கா" என்றான் வீரசோட்.

"சொன்னேன். உனக்குக் கேட்க நேரமில்ல."

"சரி, விடுங்க. வீடியோவை அழிச்சிடறேன்."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனாள். பஸ்ஸில் எல்லோரும் ஏறிவிட்டிருந்தார்கள். முன் இருக்கையில் வீரசோட், ஜன்னலோரத்தில் புன்ருவான். வெளியூர் டிரைவர் படியில் ஏறியவளை உற்றுப் பார்த்தார், போனை எடுத்துப் பார்த்தார், மறுபடியும் அவளைப் பார்த்தார்.

"நீங்கதானே இது? முத்திரையைக் கொதிக்க வச்சவங்க?"

"கொதிக்க வைக்கல. இதோ பாருங்க, போட்டிருக்கேன்."

"நான் பார்த்ததுல அது இல்லையே. மண்டி போட்டுக் கிடந்தீங்க, தப்பு இல்லாமலா மண்டி போடுவாங்க? உங்களை ஏத்திட்டுப் போனா வழியில பஸ்ஸை மறிப்பாங்க. அந்த வம்பு எனக்கு வேண்டாம்மா."

"எடுத்தவன் இதோ உட்கார்ந்திருக்கான். அவனையே கேளுங்க."

வீரசோட் மெல்லச் சொன்னான்: "நான் நேத்தே அழிச்சிட்டேன் அண்ணே."

"நீ அழிச்சா? ஊரே வச்சிருக்கு. எடுத்தது நிஜம்தானே?"

அவன் தலையாட்டினான். மிச்சத்தைச் சொல்ல அவனுக்கு ஒரு மூச்சு போதும். சொன்னால் பஸ் முழுக்க அவன் பக்கம் திரும்பும், அதனால் சொல்லவில்லை. அந்தப் பயலை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

லம்யாய் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லாம் அவள் கறுப்பாக்கின சட்டைகள், எல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பிய முகங்கள். சண்டை போடவில்லை, இறங்கினாள்.

பஸ் உறுமிக்கொண்டு கொஞ்ச தூரம் போய் நின்றது. கதவு திறந்து புன்ருவான் இறங்கி, சோற்றுப் பொட்டலத்தை அணைத்துக்கொண்டு ஓடி வந்தாள். பின்னால் வேறு யாரும் இறங்கவில்லை.

"எனக்குப் பஸ்ல போனா வாந்தி வரும்" என்றாள்.

"நேத்து உன் வாய் எங்கடி போச்சு?"

"பயந்துட்டேன்." புன்ருவான் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு லம்யாய். பயந்துட்டேன்."

லம்யாய்க்கு அவளை அறையவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் ரயில் நிலையத்தைப் பார்த்து நடந்தாள். புன்ருவான் பின்னாலேயே வந்தாள். பாங்காக் ரயில் வந்தபோது, தன் தோளிலிருந்த கறுப்புச் சால்வையை உருவி நீட்டினாள்.

"நெஞ்சை மூடிக்கோ. உள்ள இருக்கறவங்களும் போன்ல பார்த்திருப்பாங்க."

"மூடினா தப்புப் பண்ணினவ ஆயிடுவேன்."

"அடிச்சாங்கன்னா?"

"நீ பக்கத்துல இரு" என்றாள் லம்யாய். ரயிலில் ஏறி, பெட்டி முழுக்கத் தெரியும்படி, எல்லோருக்கும் எதிரில் இருந்த இருக்கையில் போய் உட்கார்ந்தாள்.